பாய்மரப் படகுக்கு முதலுதவிப் பெட்டி: கட்டி வைத்ததை வாங்குவதா, நாமே சேர்ப்பதா?

படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். "கடல் பயணத்துக்கு" என்று மேலே அச்சிட்டு விற்கும் முதலுதவிப் பெட்டியை அப்படியே வாங்கிப் போட்டுவிடலாமா? மருந்துக்கடைக்குப் பட்டியலோடு போய் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாமா? இல்லை, நல்ல பையாகப் பார்த்து வாங்கி, உள்ளே இருப்பதில் பாதியை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை நிரப்பிக்கொள்ளலாமா? மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். என் ஓட்டு பெரும்பாலும் மூன்றாவதுக்குத்தான். ஆனால் இரண்டு சந்தர்ப்பங்களில் மற்ற இரண்டுமே மேல் என்று சொல்வேன்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். அடிபட்டவரை ஒரு மருத்துவர் கையில் ஒப்படைக்க எவ்வளவு நேரம் ஆகும்? படகு எத்தனை அடி, எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதெல்லாம் அப்புறம். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மாலைவரை சுற்றிவிட்டு வருபவருக்கு இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும். கரையோரமாகத் துறைமுகம் விட்டுத் துறைமுகம் போகிறவருக்கு ஓர் இரவு தாண்ட வேண்டியிருக்கலாம். பெருங்கடலைக் கடக்கிறவர் பல நாட்களுக்குத் தன் கையே தனக்கு உதவி என்ற நிலையில் இருப்பார். பாய்மரப் போட்டிகளை நடத்தும் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங்கும் கடலோட்டப் போட்டிகளை 0 முதல் 4 வரை இப்படித்தான் பிரிக்கிறது. 0 என்றால் பெருங்கடல் கடப்பது. 4 என்றால் கரைக்கு அருகில், பெரும்பாலும் பகலில் நடக்கும் குறுகிய ஓட்டம். பாதுகாப்புச் சாமான்களும் பயிற்சியும் அந்த எண்ணைப் பொறுத்தே கூடிக் குறையும். போட்டிக்குப் போகாதவர்களும் தங்கள் படகு எந்த எண்ணில் வரும் என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்பது நல்லது.

கட்டி வைத்த பெட்டி

இதன் பெரிய பலம், வாங்கிய அன்றைக்கே படகில் ஒரு பெட்டி இருக்கும். கேலியாகச் சொல்லவில்லை. நாமே சேர்க்கிறோம் என்று கிளம்பியவர்களில் பலரின் பட்டியல் பல மாதம் காகிதத்திலேயே கிடக்கும். அதோடு, நல்ல தயாரிப்பாளர்கள் பையைச் சிந்தித்துத் தைத்திருப்பார்கள்: நிறம் பிரித்த அறைகள், தண்ணீர் புகாத ஜிப், வெளியே பெரிதாக ஒரு சிலுவைக் குறி, உள்ளே சிறு கையேடு.

பலவீனம் பெட்டியின் உள்ளே தெரியும். அட்டையில் எத்தனை பொருட்கள் என்று பெருமையாகப் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பெரும்பகுதி சின்னச் சின்ன ஒட்டுப் பிளாஸ்டரும் ஆல்கஹால் துடைப்பானும். ஈரத்தோலில் அந்தப் பிளாஸ்டர் பத்து நிமிடம் நிற்காது. கத்தரிக்கோல் ஒரு மழைக்கோட்டைக்கூட வெட்டாது. காஸ் துணி ஒரு சிறு சுருள்தான் இருக்கும். ஆழமான வெட்டுக்கு அது ஒரு நிமிடத்துக்குக்கூடக் காணாது. மருந்துகள் அநேகமாக இருக்கவே இருக்காது. எந்த மருந்தைச் சீட்டில்லாமல் விற்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால் தயாரிப்பாளர்கள் அதைத் தொடுவதில்லை. ஆகக் கடலில் அதிகம் தேவைப்படுகிற கடல்மயக்க மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்க எப்படியும் நாம்தான் போக வேண்டும்.

பாய்மரப் படகு ஆளைக் காயப்படுத்துகிற விதமே வேறு. பாயை இழுக்கும் கயிறு வின்ச் என்ற உருளையில் சுற்றிக் கொண்டிருக்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளினால், கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவில் மாட்டிய விரல் நசுங்கும், சில சமயம் போய்விடும். கயிறு உள்ளங்கையில் வழுக்கி ஓடினால் தோல் உரிந்து தீக்காயம் போலாகும். பாயின் அடியிலிருக்கும் பூம் கட்டை திடீரெனப் பக்கம் மாறினால் மண்டையைக் குறி பார்க்கும். தளத்தில் திறந்து கிடக்கும் ஹேட்ச் என்ற வாயில் வழியாக விழுந்து விலா எலும்பு உடையும். ஆடும் அடுப்பிலிருந்து கொதிநீர் மடியில் கொட்டும். மீன் தூண்டில் முள் கையில் ஏறும். இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எது குறைகிறது என்று தானாகத் தெரியும்.

நாமே சேர்ப்பதாக இருந்தால்

இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு தேர்வு இருக்கிறது. எல்லாவற்றையும் அலசத் தேவையில்லை. பணமோ உயிரோ சம்பந்தப்பட்ட இடங்களை மட்டும் பார்ப்போம்.

இரத்தப்போக்கு. சாதாரணக் காஸ் துணியை நிறைய வைத்து, பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான காயங்கள் அடங்கிவிடும். இரத்தம் உறையச் செய்யும் மருந்து தடவிய காஸும் கிடைக்கிறது. ஒரு வகையில் கயோலின் களிமண் இருக்கும், இன்னொன்றில் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் இருக்கும். அதற்கு மூன்று நிமிட அழுத்தம் போதும் என்பார்கள். விலை பல மடங்கு, காலாவதித் தேதியும் உண்டு. கரையோரம் சுற்றுபவர் அந்தப் பணத்துக்கு ஒரு கட்டுச் சாதாரணக் காஸும், இழுத்துக் கட்டும் அழுத்தக் கட்டு இரண்டும் வாங்கலாம். கடல் கடப்பவர் ஒரு பாக்கெட் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. எதை வாங்கினாலும் அழுத்துவது கைதான்.

கை, காலில் இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிகெட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கயிறுதான் படகு முழுக்கக் கிடக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். ஒல்லியான கயிறு நரம்பையும் தசையையும் அறுக்குமே தவிர, தமனியை ஒழுங்காக அடைக்காது. சுமார் நான்கு சென்டிமீட்டர் அகலப் பட்டையும் முறுக்கும் கோலும் உள்ளதே வேண்டும். இணையத்தில் அச்சு அசலாகப் போலிகள் விற்கின்றன. முறுக்கும்போது கோல் வளைந்துவிடும் அல்லது ஒடிந்துவிடும். அதனால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்குங்கள். காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், இரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். எழுதுவதற்கு அழியாத மை பேனா ஒன்றும் பையில் இருக்கட்டும்.

காயத்தை மூடுவது. இதில் நான்கு வழி: ஒட்டுப்பட்டி, தோல் பசை, ஸ்டேப்ளர், தையல். நான் ஒட்டுப்பட்டியைத்தான் முதலில் வைப்பேன். காயத்தின் ஓரத் தோலில் டிங்க்சர் பென்சாயின் என்ற பிசுபிசுப்பான திரவத்தைத் தடவி உலரவிட்டு ஒட்டினால் உப்புக்காற்றிலும் நன்றாகப் பிடிக்கும். ஸ்டேப்ளர் பார்க்கச் சுலபமாக இருக்கும், ஆனால் கழற்ற அதற்கென்றே ஒரு கருவி வேண்டும். தையல் பழகியவர் கையில் மட்டுமே தையல். மண்டைக் காயத்துக்கு ஓர் அருமையான வித்தை உண்டு: காயத்தின் இரு பக்கமும் உள்ள முடியில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஒரு முறுக்கு முறுக்கி, முறுக்கில் தோல் பசை ஒரு சொட்டு விட்டால் காயத்தின் வாய் சேர்ந்துகொள்ளும். மழிக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். முடி மூன்று சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மூடுவதற்கு முன் கழுவுவது. பெரிய சிரிஞ்ச் ஒன்றில் குடிதண்ணீர் ஏற்றிப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கடைப் பெட்டிகளில் அந்த சிரிஞ்ச் அநேகமாக இருப்பதில்லை, விலையோ மிகக் குறைவு. அழுக்கான, பவளத்தில் கிழித்த, மீன் முள் குத்திய காயத்தை மூடவே கூடாது. ஈரக் காஸ் வைத்துத் திறந்தே விட்டுவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா இருக்கலாம். காயம் மணிக்கு மணி சிவந்து, வீங்கி, வலி கூடிக்கொண்டே போனால் கரைக்கு விரைய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தீக்காயம். குளிர்ந்த ஓடும் நீரில் இருபது நிமிடம் பிடிப்பதுதான் முதல் வைத்தியம். தொட்டித் தண்ணீர் அளவோடு இருக்கும் படகில் இருபது நிமிடக் குழாய் என்பது பெரிய செலவு. அதனால்தான் கரையில் தேவையே இல்லை என்று நான் சொல்லும் ஹைட்ரோஜெல் கட்டுக்கு (நீர் நிறைந்த ஜெல் உள்ள கட்டு) படகில் ஓர் இடம் தருகிறேன். அதன் மேல் மூட, சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் உறைத்தாளே போதும். காயத்தின் மேல் நீளவாக்கில் போட வேண்டும், இறுக்கிச் சுற்றக் கூடாது. தனியாகத் தீக்காயக் களிம்பு வாங்காதீர்கள்.

எலும்பு முறிவுக்கு அலுமினியத் தகட்டின் மேல் நுரை ஒட்டிய வளையும் சிம்பு ஒன்று போதும். வியட்நாம் போரில் பணியாற்றிய அமெரிக்க அறுவை மருத்துவர் சாம் ஷைன்பெர்க், சூயிங்கம் சுற்றிய தாளை மடித்துக்கொண்டிருக்கும்போது இதன் யோசனை வந்ததாகச் சொல்வார்கள். கிடைக்காவிட்டால் பாய்க்குள் செருகும் பட்டைக் குச்சியும் முக்கோணத் துணியும் அதே வேலையைச் செய்யும்.

தண்ணீரில் விழுந்து நடுங்குபவருக்கு மெல்லிய பளபளக்கும் தகட்டுப் போர்வை பெரிதாக உதவாது, காற்றில் பறக்கும். அதே பொருளில் பை வடிவில் தைத்ததை வாங்குங்கள். மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் மூச்சு கொடுப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு ஒருவழி வால்வு உள்ள முகமூடி ஒன்றும் இருக்கட்டும். தூண்டில் முள்ளுக்கு மருத்துவக் கருவியே வேண்டாம், துருப்பிடிக்காத நல்ல கம்பி வெட்டி ஒன்று போதும்.

மாத்திரைகளில்தான் வேறுபாடு அதிகம்

கடல்மயக்கத்தில் தொடங்குவோம். முதலுதவிப் பையிலிருந்து அதிகம் எடுக்கப்படுவது இதற்கான மாத்திரைதான். சின்னரிசைன், மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட், காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை ஆகிய நான்கும்தான் பரவலாகப் பேசப்படுபவை. ஐரோப்பியப் படகோட்டிகள் சின்னரிசைன் மேல் சத்தியம் செய்வார்கள், அமெரிக்காவில் அது விற்பனையிலேயே இல்லை. தூக்கம் வருவது இதில் சற்றுக் குறைவு என்பது அவர்கள் சொல்லும் காரணம். டைமென்ஹைட்ரினேட் நன்றாக வேலை செய்யும், ஆனால் சுக்கானைப் பிடிக்க வேண்டியவரைக் கொட்டாவி விட வைக்கும். பட்டை மூன்று நாள் தாங்கும். கிளம்புவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. முதியவர்களுக்குக் குழப்பம் வரலாம். சிறுவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பட்டையைப் பற்றி ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஒட்டிய விரலைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் விரிந்துவிடும். பூம் தலையில் அடித்தவருக்கு இரு பாப்பாவும் ஒரே அளவில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறோம். அப்போது இது பயங்கரமாகக் குழப்பும். தலையில் அடிபட்டால் வரும் வாந்தியையும் கடல்மயக்க வாந்தியையும் பிரித்தறிவது ஏற்கெனவே கடினம். அதனால் யார் யார் பட்டை ஒட்டியிருக்கிறார்கள், எந்தக் காதுக்குப் பின்னால் என்று படகுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிடுவது பின்னால் கைகொடுக்கும்.

எதைத் தேர்ந்தாலும் கரையில் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு விழுங்கும் மாத்திரை வெளியேதான் வரும். நீண்ட பயணத்துக்கு, ஈறுக்கும் உதட்டுக்கும் இடையில் வைத்துக் கரைப்பது அல்லது ஆசனவாயில் வைப்பது போன்ற வடிவங்களை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கூச்சப்படும் விஷயமில்லை, இரண்டாம் நாளில் யாரும் கூச்சப்படுவதும் இல்லை. கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் தாராளமாக இருக்கட்டும். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கலக்க வேண்டும்.

வலிக்குப் பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் இரண்டும் வேண்டும். ஆனால் ஒருவர் நாள் முழுக்க வாந்தியெடுத்து நீர்ச்சத்து இழந்திருந்தால் ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்துக்குக் கெடுதல். தலையில் அடிபட்டவருக்கும் இரத்தம் கசிபவருக்கும் அதைத் தராதீர்கள். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் ஒன்று, மாரடைப்புச் சந்தேகம் வந்தால் மென்று விழுங்க மட்டும், தனியாக எழுதி வையுங்கள்.

ஏன் தனியாக என்று கேட்டால் 1998 நவம்பரில் நடந்ததைச் சொல்லலாம். தனி ஆளாக உலகைச் சுற்றும் அரவுண்ட் அலோன் போட்டியில் அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருந்த ரஷ்யர் விக்டர் யாசிகோவின் முழங்கையில் சீழ்க்கட்டி முற்றியது. பாஸ்டனிலிருந்த மருத்துவர் டேனியல் கார்லின் மின்னஞ்சலில் படிப்படியாக எழுதி அனுப்ப, அவர் தன் கையைத் தானே கீறிக்கொண்டார். சீழ் வந்தது, ஆனால் இரத்தம் நிற்கவில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினை அவர் முன்னதாக எடுத்துக்கொண்டிருந்தது பிறகு தெரிந்தது. கத்தியும் கட்டும் மருந்தும் அவரிடம் இருந்தன. ஆனால் இன்ன மாத்திரை ஏற்கெனவே போட்டிருக்கிறேன் என்ற செய்திதான் மருத்துவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் கரையோரம் போகிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். கடல் கடப்பவர்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து, படகிலுள்ள ஒவ்வொருவரின் ஒவ்வாமையையும் சொல்லி, எதற்கு எது, எத்தனை நாள் என்று எழுதி வாங்க வேண்டும். டாக்சிசைக்ளின் கடல் காயங்களுக்குப் பயன்படும் நல்ல மருந்து, ஆனால் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். திறந்த தளத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. எடுக்கிற நாட்களில் முழுக்கைச் சட்டையும் நிழலும் கட்டாயம்.

பையா, பெட்டியா

கடினமான பிளாஸ்டிக் பெட்டி தண்ணீரில் மிதக்கும், மேலே ஆள் நின்றாலும் தாங்கும். சாய்ந்து போகும் படகில் அதைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தரையில் உருளும். சுருட்டி மூடும் ரப்பர் பை மலிவு, நீர் உள்ளே போகாது, ஆனால் அடியில் கிடப்பதைத் தேட எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும். விரித்தால் அறை அறையாகத் தொங்கும் துணிப் பைதான் கைக்கு வசதி. நீர் புகும் என்பது அதன் குறை. என் வழி: துணிப் பை, உள்ளே ஒவ்வொரு வகைக் காயத்துக்கும் ஒரு ஜிப்லாக் கவர், கவரின் மேல் பெரிய எழுத்தில் "இரத்தம்", "தீக்காயம்", "கண்", "வாந்தி" என்று. இரவு காவலில் இருப்பவர் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையால் ஒரே ஒரு கவரை இழுத்தால் போதும்.

இதைவிட முக்கியம் ஒன்றை இரண்டாகப் பிரிப்பது. படிக்கட்டுப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிறு பை: டூர்னிகெட், அழுத்தக் கட்டு, கையுறை, கனமான கத்தரிக்கோல், பிளாஸ்டர், அன்றாட மாத்திரை. மீதியெல்லாம் கேபினில் குளிர்ச்சியான இடத்தில் ஒரு பெட்டியில். ஒரே பெட்டி என்றால் தினம் பிளாஸ்டர் எடுக்கப் போய்ப் போய் எல்லாம் ஈரமாகிவிடும். பெரும்பாலான மாத்திரைகள் 25 அல்லது 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்கச் சொல்பவை. தளத்துக்கு நேர் கீழேயும் இயந்திரத்தின் பக்கத்திலும் அந்த அளவு நிற்காது. ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர்கள் மருந்து கலங்கியோ பழுப்பாகியோ இருக்கிறதா என்று அதன் சாளரத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

யாருக்கு எது

பகலில் மட்டும், கரையோரம் சுற்றுபவரா? கட்டி வைத்த பெட்டியையே வாங்குங்கள், மேலே சொன்ன சிறு பைச் சாமானில் இல்லாததைச் சேருங்கள், வேலை முடிந்தது. நாமே எல்லாம் சேர்க்கிறோம் என்று மெனக்கெடுவது இவர்களுக்கு வீண் வேலை.

இரவு தங்கிப் போகிறவர்களுக்கு மூன்றாவது வழி: பையும் கையேடும் கடையுடையது, நிரப்புவது நம்முடையது. கையேடு படகிலுள்ள எல்லோரும் படிக்கும் மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள். அடிபடுவது கேப்டனாகவும் இருக்கலாம்.

கடல் கடப்பவர்கள் கடைப் பெட்டியை மறந்துவிட்டு, முழுவதும் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து கட்ட வேண்டும். வானொலியிலோ செயற்கைக்கோள் தொலைபேசியிலோ மருத்துவ ஆலோசனை கேட்கும் வழியையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். ரோமில் 1935-இல் தொடங்கிய சி.ஐ.ஆர்.எம். என்ற வானொலி மருத்துவ ஆலோசனை மையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக இந்த ஆலோசனையைத் தருகிறது. அவர்கள் முதலில் கேட்பது பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்பதைத்தான். அதனால் மருந்தின் பொதுப்பெயர், அளவு, எண்ணிக்கை, காலாவதித் தேதியோடு ஒரு பட்டியல் வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும். கடுமையான வலி மாத்திரை வைத்திருந்தால் மருத்துவர் கடிதமும் வேண்டும். அதன் ஒரு நகலைப் பெட்டியிலும் இன்னொன்றைக் கடவுச்சீட்டுகளோடும் வையுங்கள், ஏனென்றால் அடுத்த துறைமுகத்தில் சுங்க அதிகாரி அதைக் கேட்கக்கூடும்.